துக்க வீட்டின் மாச்சுவர்

கதவு அசையவில்லை. தளவாய் வலத்தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். இடக்காலைச் சுவரில் ஊன்றி இழுத்தும் பார்த்தான். கற்பலகையாலான அந்தக் கதவு மற்ற நாட்களில் ஒரு விரலால் தொட்டாலே பக்கவாட்டில் வழுக்கி, மாச்சுவருக்குப் பின்னுள்ள பள்ளத்தில் மறைந்துவிடும். இன்றோ பாறையோடு பாறையாகப் பிறந்ததுபோல நின்றது.

“மைனி, கதவும் துக்கம் காக்குது போல. எந்திரிச்சு வழிவிட மாட்டேங்கு” என்றான்.

அவனுடைய அண்ணன் மனைவியாகிய வடிவு புன்னகைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாயின் தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தாள். கணவர் சொர்ணலிங்கம் இறந்து ஒரு வாரம் கடந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் வாசலைத் தாண்டக் கூடாது. ஆகையால் சட்டியைக் கொழுந்தனிடம் கொடுத்தனுப்ப எண்ணியிருந்தாள்.

“எண்ணெய் விட்டுப் பாரேன்லே” என்றார் உள்ளிருந்து நாச்சியார். அவர் சொர்ணலிங்கத்தின் அக்காள், இழுப்பு நோய்க்காரர். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வேண்டும் அவருக்கு. ஆயினும் வாக்கியங்களை அவர் குறைத்துக்கொண்டதில்லை.

“எண்ணெய் எங்க விட, பள்ளத்தையே காணும்” என்றான் தளவாய். வடிவு குனிந்து பார்த்தாள். கதவு ஓடும் பள்ளம் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று மா உறைந்து கிடந்தது.

கழுகுமலைக்குக் கிழக்கே பாறையைக் குடைந்து அமைத்த தண்பாறைக் குடியிருப்பில் வயல் கிடையாது. மேலே நிலத்தில் வெயில் நெற்பயிரைக் கதிர்விட அனுமதித்த காலம் முடிந்து போயிருந்தது. அதற்கு மாற்றாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாச்சுவர் இருந்தது. சுவர் என்பது பெயர்தான்; உண்மையில் அது நிமிர்த்தி வைத்த வயல். வீட்டிலுள்ளோர் விடும் மூச்சுக்காற்றையும் குழாய் நீரையும் எடுத்துக்கொண்டு, மேலிருந்து ஒளிக்குழல் கொண்டுவரும் வெயிலின் துணையால் அது சர்க்கரை செய்யும். பிறகு ‘அடுக்கி’ என்னும் நொதி, பூத்தொடுப்பதுபோலச் சர்க்கரையோடு சர்க்கரையைக் கோத்து நீண்ட சரமாக்கும். ‘கிளைப்பி’ என்னும் இன்னொரு நொதி அச்சரத்தை இடையில் துண்டித்து, துண்டை அதே சரத்தின் விலாவில் கிளையாக ஒட்டவைக்கும். கிளையில் மீண்டும் அடுக்கி; அதில் மீண்டும் கிளைப்பி. மாலைக்குள் சுவர்மேல் ஓர் அடைக்கனம் மாச்சத்து படிந்துவிடும். இருட்டியதும் ‘கரைப்பி’ விழித்தெழுந்து அப்படிவை இளக்கும். காலையில் சுரண்டியெடுத்து வேகவைத்தால் மூன்று வேளைக்கும் உணவு. பகலில் கட்டுவதும் இரவில் அவிழ்ப்பதுமாகிய இந்த ஒழுங்கை மனிதர்கள் இலைகளிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தண்பாறைக்கு அந்தச் சுவர்களைக் கொண்டுவந்து நிறுவியவர் சொர்ணலிங்கம். அந்தக் குடியிருப்பில் நிகழ்ந்த முதல் சாவும் அவருடையதே. எனவே துக்க வீட்டு முறைமையும் மாச்சுவரும் ஒரே கூரையின்கீழ் எப்படி ஒத்துப்போகும் என்று அதுவரை எவரும் அறிந்திருக்கவில்லை.

முறைமை எளியதுதான். துக்க வீட்டில் அடுப்பு மூட்டலாகாது. அடுப்பு மூட்டாதபோது சுவரைச் சுரண்டுவானேன் என்று நாச்சியார் சுரண்டியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். இறந்தவருக்கு ஏற்றிய விளக்கு பதினாறு நாளும் அணையக் கூடாது. பாறைக்குள் தீச்சுடருக்குத் தடை இருந்ததால், சொர்ணலிங்கமே முன்யோசனையோடு ஒரு விளக்கைச் செய்திருந்தார்: குத்துவிளக்கின் உருவம், திரியின் இடத்தில் குளிர்ந்த வெண்சுடர். “செத்தவன் இருட்டுல போகக் கூடாதுல்லா” என்று சொல்லி, வீட்டுக்கு ஒன்றாகக் குடியிருப்பு முழுவதற்கும் அதைக் கொடுத்திருந்தார். சுடருக்கு அவர் பயன்படுத்தியவை, சுவர்களுக்கென்று வந்து மீந்துபோன ஒளிக்குமிழ்கள். வெயிலில்லா நாட்களில் சுவரை வளர்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை அவை.

ஆகவே ஒரு வாரமாக அந்தச் சுவருக்கு இரவே வரவில்லை. கரைப்பி விழிக்கவில்லை, அடுக்கியும் கிளைப்பியும் உறங்கவில்லை.

வடிவு இதை உணர்ந்தபோது அவள் பார்வை படத்தின்மேல் இருந்தது. கணவரின் படத்துக்கு இட்ட மாலையின் ஒரு நுனி சுவருக்குள் புதைந்து போயிருந்தது. அலமாரியின் விளிம்பைக் காணவில்லை. காற்றுவரும் சாளரக் கம்பிகள் இருந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு வெண்புடைப்பு மட்டும் தெரிந்தது. நேற்றுவரை மூவர் படுத்த தரையில் இன்று இருவர் படுப்பதே கடினம்.

“நாம விடுற மூச்சுதான் தளவாய் இது. நம்ம மூச்சையே எடுத்து நம்மச் சுத்திக் கட்டுது” என்றாள் மெல்ல.

“அப்ப அக்காவ கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க. பாதிச் சுவரு அவ கட்டினதுதான்.”

“ஏலே, அண்ணன் படத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுத?” என்ற நாச்சியார், அந்த மூச்சாலும் சுவரைச் சிறிது வளர்த்தார்.

அண்டை வீட்டாரோடு பேசக் கதவைத் திறந்தாலே போதும் என்பதால், வீடுகளுக்கிடையே பேசுகுழல் போடப்படவில்லை. குடியிருப்பின் நொதி நிலையத்துக்கு மட்டும் ஒன்று இருந்தது. வடிவு அந்நிலையத்தின் ஆய்வறையில் கரைப்பிப் பிரிவில் பணிபுரிபவள். குழலை எடுத்தாள். பதிவுசெய்த குரல் ஒன்று மிகுந்த பணிவோடு பேசியது.

“வணக்கம். தங்கள் அழைப்புக்கு நன்றி. வருந்துகிறோம். பணியாளர் அனைவரும் தத்தம் இல்லங்களில் இருக்கின்றனர். அன்புகூர்ந்து காத்திருக்கவும்.”

“வேலை நாள்ல எல்லாவனும் வீட்டுலயா?” என்றான் தளவாய்.

“அவருக்காக விடுமுறை விட்டிருப்பாங்க” என்றாள் வடிவு.

“இருக்கும். பாக்கியத்தாயும்லா வரலை. முதல்ல ரெண்டு மூணு நாளு வாய் நிறையப் பேசிக்கிட்டுச் சோறு கொண்டாந்தா. ‘அண்ணாச்சிக்கு எங்களால ஆன மரியாதை எங்க வீட்டுலயும் நடக்குது’ன்னா. பொறவு ஆளையே காணும். மரியாதை அலுத்துட்டு போல” என்றார் நாச்சியார். கையிருப்பிலிருந்த வறுத்த மாவுருண்டைகள் தீரத் தீர அவருக்குப் பாக்கியத்தாய்மீது கோபம் ஏறிக்கொண்டிருந்தது.

தளவாய் அரிவாள்மணையைக் கழற்றிக் கொத்தினான். கொத்திய இடம் உமியளவு உதிர்ந்தது. அவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நிரம்பத் தொடங்கியது. வடிவு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் நொதிப் பேழையைத் திறந்தாள். சுவரின் நலம் காக்க மாதந்தோறும் சில துளிகள் விடுவதற்காக அதில் நான்கு குப்பிகள் இருந்தன. முதலில் தனக்குப் பழக்கமான கரைப்பியைத் தடவினாள். பச்சையாக இறுகிய மாவின்மேல் அது பாறைமேல் பெய்த தூறலாக வழிந்தோடியது; ஒட்டிக் கரைந்த சிறிதளவையும் விளக்கொளியில் அடுக்கி மறுபடி கோத்துச் சுவராக்கிவிட்டது.

அடுத்து அவள் கை ‘கிளைவெட்டி’ என்ற குப்பியிடம் சென்றது. அந்நொதி அவளுடைய பிரிவைச் சேர்ந்ததன்று. ஆனால் கிளைமேல் கிளையாகப் பின்னிய ஒரு புதரைக் கிளைகளை வெட்டினால்தானே தளர்த்த முடியும்? அவளுக்கு அது ஐயத்துக்கு இடமில்லாததாகத் தோன்றியது. பள்ளத்திலும் கதவோரத்திலும் குப்பி முழுவதையும் ஊற்றினாள்.

மூவரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சுவரிலிருந்து நெரியும் ஓசை மெல்ல எழுந்தது.

“இளகுது, கேட்டியளா” என்று தளவாய் ஆவலோடு எழுந்து அரிவாளை ஓங்கிப் போட்டான். ‘ணங்’ என்றது. அரிவாள் நுனி மடங்கியது. முன்பு உமியளவாவது உதிர்ந்த இடம் இப்போது சலவைக்கல்லாகப் பளபளத்தது.

அவன் மடங்கிய நுனியைப் பார்த்தான், மைனியைப் பார்த்தான். “நல்ல வேளை, நிலையத்துல உங்களுக்கு ‘சிறந்த ஆய்வாளர்’னு கேடயம் குடுத்தாவ. அது கெட்டியா இருந்தா குடுங்க, அத வச்சுக் கொத்திப் பாப்போம்.”

வடிவுக்கு அழுகை வரவில்லை. என்றோ ஒரு மதிய உணவின்போது கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. “கிளைவெட்டி இல்லன்னா இந்தச் சுவரு நிக்காது வடிவு. எடக்குமடக்கா முளைக்கிற கிளைய அது கழிச்சு விடும். மிச்சக் கிளையெல்லாம் ரெண்டு ரெண்டா முறுக்கிக்கிட்டு நெருங்கிப் படுத்துக்கிடும். அப்பத்தான் மா இறுகும். அந்த நொதிய எடுத்துட்டா மொத்தமும் குழகுழன்னு ஒழுகிப் போயிரும். வெட்டுதவன்தான் கட்டுதவன், பாத்துக்கோ.” அவர் அதைச் சொன்னபோது, ரசத்தில் உப்புக் கூடிவிட்டதோ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சை இனி எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் எத்தனை மதியங்களைக் கழித்துவிட்டாள்!

சுவர் அவள் முழங்காலைத் தொட்டது. அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்வதற்கு இன்னும் சிறிதளவே இடமிருந்தது.

“மதினி, விளக்கை அணைக்கணும்” என்றாள்.

நாச்சியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் வடிவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“வெளிச்சம் இருக்கிற மட்டும் கரைக்கிறதெல்லாம் திரும்பக் கட்டிக்கிட்டே இருக்கும். வெளிச்சத்த நிறுத்தணும். அப்புறம்…” வடிவு தயங்கினாள். “அடுப்பும் மூட்டணும். இவ்வளவு இறுகின பச்சை மாவைக் கரைப்பி தொடாது. வெந்த மான்னா நொடியில கரைச்சிரும். அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும், மதினி. தினமும் செய்யிற வேலை.”

“விளக்க அணைச்சு, அடுப்பு மூட்டி… பதினாறு ஆகுறதுக்குள்ளயா? நேத்துப் போனவனுக்கு இன்னைக்கு நாமளே வாசல அடைக்கணும்ங்கியா?”

“அடைஞ்சு கிடக்கிறது நம்ம வாசல் அக்கா” என்றான் தளவாய்.

“நீ சும்மா கெட.”

வடிவு இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. “சாளரம் அடைச்சுட்டு. இப்ப நாம இழுக்கிற நல்ல காத்து இந்தச் சுவரு வெளிச்சத்துல விடுறதுதான். விளக்கை அணைச்சா அதுவும் நின்னுரும். இருக்கிற காத்துக்குள்ள கதவைத் திறக்கணும். உங்களுக்கு இழுப்பு வேற இருக்கு. அதனால நீங்க சொன்னாத்தான் செய்வேன்.”

ஒளி இருந்தால் மூச்சுண்டு, இடமில்லை. ஒளி போனால் இடமுண்டு, மூச்சில்லை. சுவர் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையின் இன்னொரு பூ வெண்மைக்குள் அமிழ்ந்தது. படச்சட்டத்தின் மூலையை மா கவ்வத் தொடங்கியிருந்தது.

நாச்சியார் எழுந்தார். விளக்கின் பக்கம் திரும்பாமல் சமையல் மூலைக்குச் சென்று, இருந்தவற்றுள் பெரிய பானையை எடுத்துக் குழாயடியில் வைத்தார்.

“அவன் பசி பொறுக்க மாட்டான். இந்தச் சுவரே அதுக்காகத்தான வச்சான்” என்றார்.

வடிவு ஒளிக்குழலின் மூடியை இழுத்து அடைத்தாள். பிறகு விளக்கின்முன் உட்கார்ந்தாள். சுடரின் அடியில் இருந்த சிறிய பொத்தானை அவர்தாம் பொருத்தியிருந்தார். அவருடைய கட்டைவிரலுக்கு ஏற்ற குழிவு அதில் இருந்தது. தன் விரலை அதில் வைத்தாள். இடம் கொஞ்சம் மிச்சப்பட்டது. அழுத்தினாள்.

மின்சுருள் அடுப்பின் மங்கிய சிவப்பு மட்டும் எஞ்சியது. சுவரை வளர்க்க அது போதாது. நெரியும் ஓசை நின்றது. அந்த ஓசைக்கு அதற்குள் காது பழகிப் போயிருந்ததை அவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள்.

முதல் பானை வெந்நீரைப் பள்ளத்தில் ஊற்றியபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. மா பொங்கிப் பருத்துக் கதவை முன்னிலும் இறுக்கிப் பிடித்தது.

“போச்சு! அது குடிச்சுக் கொழுக்குது மைனி!”

“கொழுக்கட்டும். வேகும்போது உப்பத்தான செய்யும்” என்றார் நாச்சியார், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு. “கூழு பதம்… வந்துட்டுலே. அகப்பையப் போட்டு… வழி.”

இருட்டில் தளவாய் வழித்தான். வழித்த இடத்தில் வடிவு கரைப்பியைத் துளித்துளியாக விட்டாள். அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. இறுகப் படுத்திருந்த சரங்கள் வெந்நீரில் பிரிந்து விலகியதும், கரைப்பி அவற்றைத் துண்டு துண்டாகக் கத்தரிப்பதை விரல்நுனியே சொல்லியது: கெட்டிக் கூழ் அவள் கையிலேயே நெகிழ்ந்து நீராகி, மணிக்கட்டில் பிசுபிசுப்பாக வழிந்தது. மறுபடி வெந்நீர், மறுபடி அகப்பை, மறுபடி துளி.

“இனிக்குது” என்றான் தளவாய்.

“துக்க வீட்டுல… இனிப்பா திங்க?” என்று கேட்ட நாச்சியாரின் குரல் பாதியில் விசிலாக மாறியது. அதன்பின் அவர் பேசவில்லை. அவர் பேசாதது அவ்விருவரையும் பேசியதைக் காட்டிலும் அச்சுறுத்தியது. வடிவின் நெற்றிப்பொட்டில் வலி குத்தத் தொடங்கியது. கரைப்பிக் குப்பி எடையற்றுப் போய்க்கொண்டிருந்தது. சாய்த்துப் பிடித்துக் கடைசித் துளியையும் விட்டாள்.

தளவாய் மடங்கிய அரிவாளைக் கதவின் விளிம்பில் நெம்பினான். கதவு ‘சளக்’ என்று ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்த இடைவெளி வழியே பாறையின் குளிர்ந்த காற்று கத்தியைப் போல உள்ளே வந்தது. இருவரும் நாச்சியாரைத் தூக்கிவந்து அந்தக் கீற்றில் அவர் முகத்தைப் பொருத்தினார்கள். பல மூச்சுகளுக்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்தார்.

“பாக்கியத்தாய… கூப்பிடு. வந்து பாக்கட்டும் அவ” என்றார்.

ஆள் நுழையுமளவு கதவு திறந்ததும், கூடாதென்று சொல்லப்பட்ட வாசலை வடிவு தாண்டினாள்.

நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. பொது விளக்குகளைக்கூட யாரும் ஏற்றவில்லை. ஆயினும் முற்றிலும் இருட்டாக இல்லை. இருபுறமும் வரிசையாக இருந்த கதவுகளில், கற்பலகை தரையைத் தொடும் இடத்தில், உறைந்த மாவின் ஊடாகத் தலைமயிர்க் கனத்துக்கு ஒரு வெண்கோடு ஒளிர்ந்தது. விளக்குச் சுடரின் அந்த வெண்மையை அவள் ஒரு வாரமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு கதவடியிலும் அதே வெண்மை. நடைபாதையின் வளைவு வரைக்கும் அதேதான்.

அவள் பாக்கியத்தாயின் கதவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ எதனாலோ கல்லைக் கொத்தும் ஓசை மெலிதாகக் கேட்டது. எதிர்க் கதவிலும் கேட்டது. அதற்கடுத்த கதவிலும்.

“எல்லா வீட்டுலயுமா?” என்றான் பின்னால் வந்து நின்ற தளவாய். பேசுகுழல் சொன்னது அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. பணியாளர் அனைவரும் தத்தம் இல்லங்களில்தாம் இருந்தார்கள்.

வடிவு மண்டியிட்டுக் கதவின் அடியில் வாயை வைத்துக் கத்தினாள். “பாக்கியக்கா! நான்தான் வடிவு!”

கொத்தும் ஓசை நின்றது. தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது. “வடிவா? நீ ஏன்டி வெளிய வந்த? காரியம் முடியலையே!”

“அக்கா, நல்லாக் கேளுங்க. பேழையில கிளைவெட்டின்னு ஒண்ணு இருக்கும். அத மட்டும் தொட்டுராதீங்க.”

“அத நேத்தே ஊத்தியாச்சு. கிளைய வெட்டினா இளகுமேன்னுட்டு எங்க வீட்டுக்காரரு…”

தளவாய் தலையில் கைவைத்துக்கொண்டான். வடிவு கண்களை ஒருகணம் மூடித் திறந்தாள். “சரிக்கா. பரவாயில்ல. வேற வழி இருக்கு. அடுப்ப மூட்டி வெந்நீர ஊத்தணும், வெந்த மாவுல கரைப்பிய விடணும். அதுக்கு முன்னால ஒளிக்குழல மூடிட்டு விளக்கை அணைங்க.”

“எந்த விளக்க?”

“அவருக்கு ஏத்தின விளக்கை.”

“ஐயோ, அது ஆகாது” என்றது குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் சற்றும் ஐயமின்றி அது பேசியது. “சோறு போட்ட மனுசன். பதினாறு நாளும் அணைய விடுறதில்லன்னு தெருவே சொல்லி வச்சு ஏத்தினது. நாங்க எப்படியோ இருந்துக்கிடுதோம். அணைச்சா அண்ணாச்சி எங்கடி போவாரு?”

வடிவு வரிசையை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு பொத்தானை அழுத்த அவள் தன் உயிரில் பாதியைச் செலவழித்திருந்தாள். இப்போது அவர் அத்தனை வீடுகளிலும் எரிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கதவாகச் சென்று அவரை அணைக்கச் சொல்லிக் கேட்கவேண்டியவள் அவளைத் தவிர வேறு யாருமில்லை. வேறு எவர் சொன்னாலும் அந்தத் தெரு கேட்கப் போவதில்லை.

அவள் கன்னத்தைத் தரையில் வைத்தாள். வெண்கோட்டின் ஒளி அவள் உதட்டில் பட்டது.

“வெளிய போவாருக்கா. அவர முதல்ல வெளிய விடுங்க” என்றாள்.

கதவுக்கு அப்பால் யாரோ எழுந்து நடக்கும் ஓசை கேட்டது. பிறகு அந்த வெண்கோடு அணைந்தது. வடிவு எழுந்து, இனிப்பு உலர்ந்து ஒட்டிய கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கதவின் முன் மண்டியிட்டாள்.